மளிகைத் தாளில் ஆங்கிலம் படித்த அக்கா

அக்கா இல்லாத முதல் ஆண்டு முடிந்துவிட்டது. கொட்டாம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மூத்தவராகப் பிறந்தவர். அவருடைய பொறுமையைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் தமிழ் வழியில் பள்ளி முடித்து, மதுரைக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் பாதி புரியாது. தினம் பத்து ஆங்கிலச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்தார். ஆனாலும் ஆங்கிலத் தாள் ஒன்று மட்டும் தேறாமல் நின்றுவிட்டது. அதற்குள் பேரையூரில் கல்யாணம் முடிந்தது. அந்த ஒரு தாளை எழுதிவிட்டால் பட்டம் வரும், ஆசிரியை ஆகலாம் என்று மீண்டும் விண்ணப்பித்தார்.

ஹால் டிக்கெட் எங்கள் வீட்டு முகவரிக்கு வந்தது. நான்தான் பேரையூருக்கு எடுத்துப் போனேன். மச்சான் இருக்கையில் தபாலை அக்கா கையில் கொடுப்பது மரியாதையில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவரிடமே நீட்டினேன்.

"நா பாத்துக்கிறேன் மாப்ள" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது வாசலில் அக்கா கேட்டார்: "தபால் ஏதும் வந்துச்சாடா தம்பி?"

"மச்சான்கிட்ட குடுத்துட்டேன்க்கா."

என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "சரி, பஸ்ஸு போயிரும். கெளம்பு."

தேர்வு நாளும் போனது. தபால் அக்காவின் கைக்கு வரவே இல்லை.

அதன்பின் கடைத்தெருவுக்குக்கூட அவர் தனியாகப் போனதில்லை. மளிகைப் பொட்டலம் சுற்றி வரும் ஆங்கிலச் செய்தித்தாள்தான் பாடப்புத்தகம். பருப்பைக் கொட்டிவிட்டு, தாளை நீவி, அடுப்படியில் உட்கார்ந்து படிப்பார். தெரியாத சொல்லுக்குக் கரியால் கோடு போட்டு வைத்து, நான் போகும்போது அர்த்தம் கேட்பார். பட்டம் வாங்கிய எனக்குப் பாதிக்கு மேல் தெரியாது. ஓர் அகராதி வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதையும் மச்சானிடம்தானே கொடுக்க வேண்டும் என்று பயந்து வாங்காமலே இருந்துவிட்டேன்.

கடைசி நாட்களில் மதுரை ஆஸ்பத்திரியில், அக்காவுக்கு விளங்கக் கூடாது என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். அதில் ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. புரிந்தவன்போலத் தலையாட்டினேன். அவர் போனதும் அக்கா மெதுவாகச் சொன்னார்:

"இனிமே கொணமாகாதுன்னு அர்த்தம்டா தம்பி. அதுக்குத்தான் நீ தலையாட்டுன."

கட்டிலருகே விழித்திருந்த அவருடைய மாமியாருக்கும், தாதியருக்கும், துக்கத்தில் உடன் நின்ற உறவினர்களுக்கும் நன்றி. ஆங்கிலத் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தனி நன்றி.

அக்காவின் நினைவாக வெளியிடும் இந்த மலரின் முதல் பிரதியையும் ஓர் அகராதியையும் அக்காவின் மகளுக்குக் கொடுக்கிறேன். மச்சான் பக்கத்திலேயே இருப்பார். இந்த முறை அவள் கையில்தான் கொடுப்பேன்.