மைக் செட் மோசஸ் அண்ணா

மோசஸ் அண்ணா இறந்துட்டார்.

செய்தி அவர் நம்பர்ல இருந்தே வந்துச்சு. அவர் பேரு, அவர் போட்டோ... கீழ, "மோசஸ் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்."

"அண்ணா, என்ன இது?"ன்னு அனுப்பிட்டேன். உடனே ப்ளூ டிக் விழுந்துச்சு.

அவர் பொண்ணு ஜெனிதான் அப்பா போன்ல இருந்து எல்லாருக்கும் அனுப்பிக்கினு இருந்துதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

காஞ்சிபுரத்துல பட்டுக்கடை மாடி ஹால்ல கம்ப்யூட்டர் வேலை செய்யற நாங்க கூடி நடத்துற டெக் மீட்டப்புக்கு அண்ணாதான் மைக் செட். நான் முதல்முதலா பேசினதும் அங்கதான். சாஃப்ட்வேர் டெஸ்டிங் பத்தி.

ரெண்டாவது ஸ்லைட்லயே நாக்கு ஒட்டிக்கிச்சு. மூச்சு வாங்குது. திடீர்னு மைக் போச்சு.

அண்ணா மெதுவா நடந்து வந்து, வயரைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சார். "மைக்குக்கு ஒண்ணும் இல்லமா. நான்தான் ஆஃப் பண்ணேன். தண்ணி குடி."

மைக் கெட்டுப் போச்சுன்னு கூட்டம் அவரைத் திட்டுச்சு. அவர் ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல...

இன்னொரு வாட்டி, ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்த ரெக்கார்டிங்னு ஹெட்போனை மாட்டிவிட்டார். காலி ஹால். ஃபேன் சத்தம். நடுவுல யாரோ மூச்சு விடறாங்க... காதுக்குப் பக்கத்துல.

"யாருண்ணா இது?"

"நீதாம்மா. கர்ட்டனுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்த. காலர் மைக் ஆன்ல இருந்துது."

அதுக்கப்புறம் சென்னை, கோவைன்னு நிறைய மேடை ஏறிட்டேன். என் மூச்சை அப்படி நான் திரும்பக் கேட்டதே இல்ல.

இன்னைக்கு சாயந்திரம் செவிலிமேட்டுல, அவர் வீட்டு வாசல்ல, அவரோட ஸ்பீக்கர்லயே ஜெபம் நடந்துச்சு. சவுண்ட் மிக்சர் முன்னாடி அவர் உக்கார்ற சேர் காலி. யாரும் அதுல உக்காரல.

ஜெனி மைக்கை நீட்டுச்சு. "ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா. நீங்க பேசினதெல்லாம் அப்பா வீட்ல வந்து சொல்வாரு."

மைக்கை வாங்கினேன். இத்தனை வருஷமா சொல்லாததைச் சொன்னேன். அன்னைக்கு மைக் கெட்டுப் போகல, நான்தான் பயந்து நின்னேன், திட்டு வாங்கினது அவருன்னு.

அன்னைக்குத் திட்டினவங்க ரெண்டு பேர் அங்க இருந்தாங்க. தலையைக் குனிஞ்சுக்கினாங்க.

கடைசியா, "போயிட்டு வாங்கண்ணா"ன்னேன்.

எதிர்ல புதுசா கட்டிக்கினு இருக்கிற வீடு. கதவு ஜன்னல் இன்னும் வைக்கல. என் குரல் அதுக்குள்ள போயி, கொஞ்சம் லேட்டா திரும்பி வந்துச்சு.

"...வாங்கண்ணா."