இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

மண்ணூர்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான். ஆயுத பூஜைக்கு லேத்து தொடங்கி கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். பூஜைக்கு வரும் முதலாளி கண்ணில் ஒரு ஒயர் தொங்கக் கூடாது. அதனால் துப்புரவு பார்க்கும் அண்ணன், தொங்கிய கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே பெட்டியில் அழகாகச் செருகிவிட்டார்.

லீவு முடிந்து கரண்ட் கொடுத்ததும் மொத்த கம்பெனியும் படுத்துவிட்டது. பில் போட முடியவில்லை, லாரிகள் கேட்டில் நின்றன. கேபிளைக் கண்டுபிடித்து நான் பிடுங்கியபோது மேனேஜர் பின்னாலேயே நின்றிருந்தார். யார் செருகியது என்று கேட்டார். அண்ணன் வெள்ளந்தியாக முன்னால் வந்தார். மேனேஜர் விட்ட அறையில் அவர் உதடு கிழிந்தது. "எவன் சொல்லிடா பண்ண?" என்று வயிற்றில் ஒரு உதை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஸ்பேனிங் ட்ரீ என்று ஒரு செட்டிங் உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் ஒன்றைப் பெட்டியே அடைத்துவிடும். அது இல்லையென்றால் எல்லோருக்குமாக அனுப்பிய செய்தி வட்டமடித்துப் பெருகி, வேறு எதையும் போகவிடாது. அதை அணைக்கச் சொன்னதே இந்த ஆள்தான். கம்ப்யூட்டரைச் செருகினால் நெட் வர அரை நிமிஷம் ஆகிறதாம். கம்ப்யூட்டர் செருகும் போர்ட்டுகளில் மட்டும் அந்தக் காத்திருப்பை எடுத்துவிடலாம் என்றேன். காதில் வாங்காமல், நான் லீவில் இருந்தபோது வெளியாளை வைத்து முழுசாக அணைத்துவிட்டார்.

இதை அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் அண்ணனை இன்னொரு முறை உதைத்தார். நான் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். தலை மோதிய சத்தம் கேட்டது. மறுபடியும் மோதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

என் கையை இழுத்து விலக்கியது அண்ணன். வாயெல்லாம் ரத்தம்.

"உடு சார். என் பொயப்ப கெடுத்துடாத. இந்த வேலய உட்டா எனக்கு வேற இன்னா கீது?"

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பிக் கைகூப்பி, தப்பு தன்னுடையதுதான் என்றார். மேனேஜர் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவரை மன்னித்தார்.