இந்த ஊரில் பிறந்த பெரிய மனிதர்கள்

என் அப்பா டெட்லெஃப் ஹாம்பர்க் துறைமுகத்தில் சுற்றுலாப் படகு ஓட்டினார். ஊரில் பிறந்த இசைமேதைகளையும் மந்திரிகளையும் ஒலிபெருக்கியில் அடுக்கி, கடைசியில் தன் பெயரையும் சேர்ப்பார். அவர் பிறந்ததோ ஆற்றுக்கு அக்கரையில், வேறு ஊரில். உடனே கரையிலிருந்து சுமை தூக்குபவர்கள், "பொய் சொல்றான்!" என்று கத்துவார்கள். எங்கள் துறைமுகத்தில் படகோட்டிக்கு அதுதான் கைதட்டல்.

சனிக்கிழமை அவருடைய சாம்பலைக் கடலில் கரைக்க நானும் அம்மாவும் அவருடைய படகோட்டி நண்பர்களும் படகில் புறப்பட்டோம். எஞ்சினை நானே சரிபார்த்தேன். இப்போதெல்லாம் கரையில் சுமை தூக்க ஆட்கள் இல்லை, கிரேன்கள்தான் நிற்கின்றன. அப்பாவுக்காகக் கத்த யார் இருக்கிறார்கள் என்பதே என் கவலை.

அவர் நண்பர் ஹின்னெர்க் ஒலிபெருக்கியை எடுத்தார். "இந்த ஊரு பெத்த பெரிய மனுஷங்கள்ல கடைசியா, நம்ம டெட்லெஃப்!"

கரையில் சத்தமே இல்லை. அம்மா எழுந்து நின்றார்.

"பொய் சொல்றான்! எம் புருஷன் அக்கரைக்காரன்யா!"

சுற்றியிருந்த படகோட்டிகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.