முனிக்கு நேர்ந்துவிட்ட கறுப்பு

கறுப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கோழியைப் போய் மன்னிப்பதா என்று சிரிப்பவர்கள், இனிப்புநீர் வியாதி உள்ளவன் காலில் அதனிடம் ஒரு கொத்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

தெலுக் இந்தானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன என் மனைவி, திரும்பும்போது பாசாரில் இரண்டு கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடத்தான் இடம் இருக்கிறது. அதிலேயே கம்பிவலை அடித்துக் கூண்டு செய்து கொடுத்தேன். செவலை வந்த வாரமே என் கையில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. நான் நாளிதழ் படிக்கும்போதெல்லாம் மடியில் படுத்திருக்கும். கறுப்போ வளர வளர என்னைக் கண்டாலே கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்தது.

தீனி வைப்பது நான். தண்ணீர் மாற்றுவது நான். கூண்டைக் கழுவுவதும் நான். கொத்து வாங்குவதும் நானேதான். என் மனைவியை அது ஒருநாளும் தொட்டதில்லை. காரணமே இல்லாமல் ஒரு பிராணி ஒரு மனிதனை இப்படி வெறுக்குமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் ஏறியது.

ஒருநாள் கணுக்காலுக்கு மேலே கொத்திய இடம் புண்ணாகி, ஆறாமல் சீழ் வைத்தது. கிளினிக்கில் கட்டுப் போட்ட பெண், இனி இப்படி நடந்தால் காலுக்கே ஆபத்து என்றாள். எப்படி ஆனது என்று கேட்டபோது, கோழி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கம்பி கிழித்தது என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

"இது சேவல்தான். பாரு, எப்படி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது. இவ்வளவு திமிரு சேவலுக்குத்தான் வரும்."

"திமிருக்கு ஆம்பள பொம்பள என்னலா? அப்ப நான் யாரு?" என்றாள் அவள். "கழுத்து இறகப் பாருங்க. சேவலுக்கு நுனி கூரா வரும். இதுக்கு உருண்டையா இருக்கு. கொண்டையும் இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு. செவலைக்குப் பாருங்க, எப்பவோ செவந்துருச்சு."

"செவலைக்கு நான் நல்லா தீனி போடறேன். அதான் செவப்பு."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமல் போனால் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

எனக்கு அது சேவலாக இருந்தே ஆக வேண்டும். சும்மா அறுத்துக் குழம்பு வைத்தால் என் ஆத்திரம் தீராது. அதற்குப் பெரிய இடமாகப் பார்க்க வேண்டும். நான் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய்க்குப் போட்ட செம்பனைக் காடு. லயங்களை இடித்துவிட்டார்கள், ஆட்கள் ஈப்போ, ஜெலாப்பாங் என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். முனியாண்டி மட்டும் அதே மரத்தடியில் இருக்கிறார். வருஷம் ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே போய்ச் சேருவோம். முனிக்குச் சேவல்தான் கொடுப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு சாக்கைப் போர்த்திக் கறுப்பைப் பிடித்தேன். கையில் இரண்டு கொத்து கிடைத்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலையில் திருநீறு போட்டு, காலில் மஞ்சள் நூல் கட்டினேன். "முனியய்யா, என் வீட்டில் வளர்ந்த சேவலை இந்த வருஷம் உனக்குத் தருகிறேன். இவன்தான். நன்றாகப் பார்த்துக்கொள்" என்று உரக்கவே சொன்னேன். கறுப்பும் கேட்கட்டும் என்றுதான்.

நேர்ந்துவிட்ட உயிரை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வீட்டில் அறுத்துத் தின்னவும் கூடாது. சாமிக்குப் போகும்வரை குறையில்லாமல் வளர்க்க வேண்டும். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. சோளம் போட்டேன், தேங்காய்ப்பூ போட்டேன். "தின்னுடா, நல்லா தின்னு" என்று பக்கத்தில் நின்று சொன்னேன். கொத்தினால்கூட வலி அவ்வளவாகத் தெரியவில்லை. அது கொழுக்கக் கொழுக்க எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஒருநாள் விடிந்ததும் பின்பக்கத்திலிருந்து தொண்டை கட்டிய குரலில் ஒரு கூவல் கேட்டது. துள்ளி எழுந்தேன்.

"கேட்டியா? கூவிட்டான். நான் சொன்னேன்ல?"

மனைவி அடுப்பைவிட்டு நகரவில்லை. "போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். கறுப்பு ஒரு மூலையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. செவலை தண்ணீர்த் தொட்டிமேல் நின்று, கழுத்தை நீட்டி மறுபடியும் கூவியது. கூவி முடித்ததும் இறங்கி வந்து வழக்கம்போல் என் காலடியில் நின்றது. தூக்கிக்கொள்ளச் சொல்லி.

பத்து நாள் போயிருக்கும். என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் மனைவி ஒரு முட்டையை வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

பூசாரி என்னைவிட இளையவர். ஈப்போவில் காவலாளி வேலை, திருவிழாவுக்குத்தான் பூசாரி. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பொட்டக்கோழி முனிக்கு ஆகாதுண்ணே. ஆனா நூல் கட்டிட்டீங்க. அது மேல இனி யாரும் கை வைக்கக் கூடாது. சாகற வரைக்கும் உங்க வீட்லயே இருக்கட்டும்."

"சரி. பாசார்ல ஒரு சேவல் வாங்கி வாரேன்."

"நேந்துக்கிட்டப்ப என்னான்னு சொன்னீங்க?"

பூசாரி காதுக்கு மட்டும் என்றால் பொய் சொல்லியிருப்பேன்; நான் நேர்ந்துகொண்டதை முனியும் கேட்டிருக்கிறார். "வீட்டுல வளந்த சேவல்னு சொன்னேன்" என்றேன்.

"அப்ப வீட்ல வளந்ததத்தான் கொண்டு வரணும்ணே" என்றார்.

இதைவிட மோசமாக என்னை யாரும் பழிவாங்கியிருக்க முடியாது. நானே மஞ்சள் நூல் கட்டி, என் எதிரிக்குச் சாமியைக் காவல் வைத்திருக்கிறேன். கறுப்பு அவள் ஆயுசுக்கும் என் கையால் தின்றுவிட்டு என்னையே கொத்துவாள், நான் ஒரு விரல் தூக்க முடியாது. இரண்டு நாள் மனைவியிடமும் சரியாகப் பேசவில்லை. அவள் சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் செவலைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

திருவிழா அன்று செவலையைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டினேன், ஏறிக்கொண்டது. கார் போகும்போது மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தது. முனி மரத்தடியில் நான் பூசாரியிடம் நீட்டியபோதும் அது என் சட்டையிலிருந்து நகத்தை எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நேராகப் பின்பக்கம் போனேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, புண் ஆறிய தழும்போடு அந்தக் காலைக் கூண்டுக்குள் வைத்தேன். கொத்தட்டும் என்றுதான் வைத்தேன்.

கறுப்பு வந்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து குரல் கொடுத்துத் தேடினாள். இருட்டும்வரை நின்றேன். அன்று அவள் என்னைக் கொத்தவே இல்லை. கொத்துவதற்கு அவளிடம் நியாயம் இருந்த ஒரே நாள் அதுதான்.