தந்தியில் போன கல்யாண வாழ்த்து

தந்தி குமாஸ்தாவுக்குக் காது கூர்மையாக இருந்தால் போதும் என்பார்கள்; தந்திக் கருவியின் 'கட்டு கட கட்டு' சத்தம் கேட்டே காது மந்தமாகிப்போன என் சகாக்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன தபாலாபீசில் எனக்கு இந்த வேலை. ஒரு கருவி, ஒரு கம்பி, மழை வந்தால் அந்தக் கம்பியும் இல்லை.

கஞ்சிக்கு இங்கிலீஷ்

வெள்ளையன் என்று ஒரு சாமை விவசாயி. அவருடைய ஒரே மகள் பொன்னி வயிற்றில் கட்டியோடு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புருஷன் மாணிக்கம் கூட இருந்தான். புளியை விற்றுவிட்டு வியாழக்கிழமை வருகிறேன், அதுவரை பொன்னிப் பாப்பா கஞ்சி குடிக்க வேண்டும் என்று தந்தி கொடுக்க வந்தார். தந்திக்குத் தமிழ் எழுத்து கிடையாது. அவர் சொன்னதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தட்டினேன். அங்கே மாணிக்கம் அதை வார்டு வார்டாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான். இங்கிலீஷ் தெரிந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை, தமிழ் தெரிந்தவருக்கு அந்த எழுத்து தெரியவில்லை. வேலூர் போய்ப் பார்த்துவிட்டு வந்த வெள்ளையன் என்னைத் திட்டக்கூட இல்லை.

"நம்ம பேச்சு அந்த எழுத்துல அடங்காது சார்" என்றார்.

வாழ்த்துப் பட்டியல்

அறுவடைக்காக மலைக்குத் திரும்பியிருந்தார். எங்கள் தபாலாபீஸ் சுவரில் வாழ்த்துத் தந்திப் பட்டியல் தொங்கும். தீபாவளிக்கு ஒரு எண், புத்தாண்டுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. எண்ணை மட்டும் தட்டினால் போதும், அந்தப் பக்கத்துக் குமாஸ்தா முழு வாழ்த்தையும் எழுதிக்கொடுப்பார். வெள்ளையன் அதை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எந்த ஊரில் தட்டினாலும் மாறாதா என்றார். டெல்லியில் தட்டினாலும் மாறாது என்று பீற்றிக்கொண்டேன். புத்தாண்டு எண்ணையும் கல்யாண எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, வேலூர் போகிற ஒருவரிடம் விவரம் சொல்லி மருமகனுக்குக் கொடுத்தனுப்பினார். "யாருக்குப் பெரியவரே கல்யாணம்?" என்று கிண்டல் செய்தேன்.

"நம்பருன்னா யாரும் தப்பாப் படிக்க மாட்டாங்க இல்லீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சரிபார்த்தல்

பத்து நாள் கழித்துக் காலையில் வேலூரிலிருந்து வெள்ளையனுக்குத் தந்தி. கல்யாண எண். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் மனிதருக்கு நீடூழி வாழ்க என்று கொண்டுபோய்க் கொடுப்பதா? எனக்கு மனசு வரவில்லை. எவனோ எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டான் என்று முடிவு கட்டி, தந்தியை என்னிடமே வைத்துக்கொண்டு, சரிபார்க்கச் சொல்லி வேலூருக்குத் தட்டினேன். அன்று கம்பி விழுந்துவிட்டது. 'எண் சரியே' என்று பதில் வந்தபோது மறுநாள் மத்தியானம். மலைக்கு இருந்த ஒரே பஸ் காலையிலேயே போய்விட்டது.

நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சங்கடத்தோடு வாழ்த்தைப் படித்தேன். பாதியிலேயே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "புத்தாண்டுன்னா தேறிடுச்சுன்னு அர்த்தம், கல்யாணம்னா பொழைக்காது, ஒடனே வான்னு அர்த்தம் சார். கெட்டத வாயால சொன்னா பலிச்சிடும்னுதான் இப்படிப் பேசி வச்சோம்" என்று சொல்லிக்கொண்டே அடிவாரம் படவேட்டுக்கு நடையாக இறங்கினார். பொன்னி அன்று காலையிலேயே போய்விட்டிருந்தாள். முந்தின நாள் முழுக்க, அப்பா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

காரியம் முடிந்து வந்தவரிடம், வாழ்த்து பொருந்தவில்லையே என்றுதான் நிறுத்திவைத்தேன் என்று உளறினேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நம்பரு சரியாத்தான் வந்துச்சு சார். நீங்க எதுக்கு அதப் படிச்சீங்க?" என்றார்.

காதில் விழுவதைக் கை எழுதிக்கொடுத்தால் போதும், மூளைக்கு இங்கே வேலை கிடையாது என்று சேர்ந்த அன்றே யாராவது எனக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.