படி வட்டத்துக்குள் நின்ற வெளிச்சம்

எனக்குக் கல்யாணச் சீராக வந்த சாமான்களில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. பித்தளைச் சட்டம் போட்டது. எங்கள் தெருவில் அந்த அளவுக் கண்ணாடி அப்போது வேறு வீட்டில் கிடையாது என்று நான் சொன்னால் அது பெருமைக்காகச் சொல்வதில்லை, உண்மையே அதுதான். அதில் பார்த்து நான் பொட்டு வைத்துக்கொண்ட நாட்கள் கொஞ்சம். கல்யாணமான மறு வருஷமே என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிக்கொண்டு போய்ப் பருத்தி அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிட்டார்.

யுத்த சமயம் அது. தேனி வழியாகப் போடிக்கு ஓடிய ரயிலின் தண்டவாளத்தையே யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாது. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து வந்தது. அனுமந்தன்பட்டியில் இருந்த எங்களுக்கு யுத்தம் என்றால் அவ்வளவுதான். பிறகு பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பர்மாவிலிருந்து காடு மலையெல்லாம் நடந்து உயிரோடு வந்து சேர்ந்தார். விமானம் ஒன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். "எரிஞ்சுக்கிட்டே வந்துச்சு தாயி. கிட்டப் போய்ப் பார்த்தா அதுக்குள்ள ஆள் இருந்த அடையாளமே இல்ல" என்று அவர் சொன்னபோது நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செம்பு நிறைந்து கையெல்லாம் வழிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார், விமானம் ஓட்டும் பட்டாளத்துக்கு எழுதிப் போட்டிருப்பதாக. மதுரைக் காலேஜில் படித்தவர். என் அத்தைக்கு ஒரே மகன். அத்தை என்றால் என் அப்பாவின் கூடப்பிறந்தவர். எனக்கு மாமியாரும் அவரே. மாமா இறந்த பிறகு நிலத்தையும் மாட்டையும் தனியாகக் கட்டி ஆண்டவர்.

"ஆத்தாகிட்டச் சொல்லிராத புள்ள" என்றார் அவர். "கவர்மென்ட் வேலைக்குப் பரீட்சை, கை கால் நிதானம் பார்ப்பாகன்னு சொல்லியிருக்கேன். அது பொய்யில்லையே."

பொய்யில்லைதான். அவரோடு படித்த ஒருவர் அந்தப் பரீட்சைக்குப் போய்த் தோற்றுத் திரும்பியவர். அங்கே ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்களாம். கைக்கு ஒரு கம்பு, காலுக்கு ஒரு கட்டை. எதிரே ஒரு பெட்டிக்குள் வெளிச்சப் பொட்டு ஒன்று இஷ்டத்துக்கு அலையுமாம். கம்பையும் கட்டையையும் அசைத்து அதை நடுவிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாதவனை வந்த வழியே அனுப்பிவிடுவார்கள்.

அதைத்தான் எங்கள் பருத்தி அறையில் அவர் கட்டினார். பருத்தி எடுக்க இன்னும் நாள் இருந்தது, அறை காலியாகக் கிடந்தது. கூரையில் ஓடு ஒன்றை விலக்கிவிட்டார். அந்த வழியாக இறங்கும் வெயில் என் கண்ணாடியில் பட்டு எதிர்ச்சுவரில் பொட்டாக விழும். சுவரில் நெல் அளக்கும் படியைக் கவிழ்த்து வைத்துக் கரியால் ஒரு வட்டம் போட்டார். அத்தையின் உலக்கையைத் தரையில் படுக்கப்போட்டு, நடுவில் முளை அடித்து, அதன் இரு முனையிலிருந்தும் கண்ணாடிக்குக் கயிறு. உலக்கையைக் காலால் தள்ளினால் வெளிச்சம் இடமும் வலமும் போகும். பழைய கலப்பையின் மேழியைக் கைக்கம்பாக நட்டு அதற்கும் கயிறு. அதை அசைத்தால் வெளிச்சம் ஏறி இறங்கும். இதெல்லாம் போக, கண்ணாடியின் இரண்டு ஓரத்திலிருந்தும் இரண்டு கயிறு பின்பக்கம் வந்தது. அந்த இரண்டும் என் கைக்கு. நான் இழுத்து வெளிச்சத்தை அலைக்கழிக்க வேண்டும், அவர் பிடித்து வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

"வட்டத்த விட்டு வெளிய போச்சுன்னா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"தடுமாறுறேன்னு அர்த்தம்."

"சுவத்த விட்டே போச்சுன்னா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அம்புட்டுத்தான். விழுந்துட்டேன்."

சிரித்துக்கொண்டு சொன்னார் என்பதை நான் மறக்கவே இல்லை. பர்மாக்காரர் சொன்னது எனக்குள் கிடந்தது. அதன் பிறகு அந்தக் கயிற்றைத் தொடும்போதெல்லாம் உள்ளங்கை வேர்த்துவிடும். சுவரில் இருந்தது எனக்கு வெளிச்சமாகத் தெரியவில்லை, ஆளாகத் தெரிந்தது.

உச்சி வெயில் அந்த ஓட்டை வழியாக இறங்கும் நேரம் மட்டும்தான் பழக்கம் நடக்கும். வெயில் நகர்ந்தால் அன்றைக்கு முடிந்தது. மேற்கு மலையில் மேகம் இறங்கிச் சாரல் அடித்தால் அன்றைக்கு இல்லவே இல்லை. காலையில் எழுந்ததும் நான் முதலில் மலையைப் பார்ப்பேன். மேகம் இருந்தால் மூச்சு வரும். அவரும் மலையைத்தான் பார்ப்பார், அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

நாள் போகப் போக அவர் நன்றாகவே பிடித்தார். நான் இழுக்க இழுக்க வெளிச்சம் வட்டத்துக்குள்ளேயே நிற்கும். "பார்த்தியா, ஒட்ட வச்ச மாதிரி நிக்குது" என்பார். எனக்கும் பெருமைதான். பெருமையும் பயமும் ஒரே வயிற்றில் கிடந்தன.

ஒரு நாள் சோறு ஆறுகிறது என்று அத்தை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அறைக்கே வந்துவிட்டார். அன்றைக்கு நெல் குத்த உலக்கை இல்லாமல் பக்கத்து வீட்டில் இரவல் கேட்ட கோபம் வேறு.

"ஏலே, மாடு கணக்கா உலக்கைய மிதிச்சுக்கிட்டுக் கிடக்க. நெல்லு குத்துற சாமான்ல கால வைக்கலாமாடா? இவளும் கூடச் சேர்ந்து கயிறு இழுக்கிறா, தேர்த் திருவிழாவாம்ல!"

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். வெளிச்சம் சுவரை விட்டுத் துள்ளி உத்தரத்துக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் காலையும் கையையும் போட்டுத் துழாவினார். அது திரும்பி வரவே இல்லை.

அவர் முகம் மாறிவிட்டது. "ஆத்தா, இன்னொரு தடவ இழு" என்றார்.

"போடா, எனக்கு வேற வேல இல்ல" என்று இன்னொரு வெட்டு. மறுபடியும் உத்தரம்.

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, "நீ இழு புள்ள" என்றார். நான் இழுத்தேன். கண்ணை மூடியபடியே அவர் கால் உலக்கையைத் தள்ளியது. வலம், இடம், வலம், இடம். வெளிச்சம் வட்டத்தை விட்டு அசையவில்லை. 

"நீ மோருல்ல கடைஞ்சிருக்க" என்றார். "இம்புட்டு நாளும் நான் வெளிச்சத்தப் பிடிக்கல. உன் மத்துக்குத் தாளம் போட்டிருக்கேன்."

விடிந்தால் தூணில் கட்டிய பானைக்கு முன்னால் நின்று மத்துக் கயிற்றை வலக்கை ஒரு இழுப்பு, இடக்கை ஒரு இழுப்பு என்று இழுக்கிற கை என்னுடையது. இரண்டு கையிலும் இரண்டு கயிற்றைக் கொடுத்தால் அது வேறு என்ன செய்யும்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மோர் கடையுற கையின்னு தெரிஞ்சுதான மச்சான் கட்டிட்டு வந்தீக? அந்த வெண்ணெயத் தின்னுதான வளந்து நிக்கிறீக!"

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "வெளிச்சம் சுவத்த விட்டுப் போனா இவன் ஏண்டி இம்புட்டுப் பதறுறான்?"

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "விழுந்துட்டாகன்னு அர்த்தம் அத்தை."

"எதுலருந்து?"

அத்தை நிமிர்ந்து, ஓடு விலக்கியிருந்த ஓட்டை வழியாகத் தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைச் சூடு பட்டதுபோல் விட்டார். அறையை விட்டுப் போய்விட்டார். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிய மோர் கடையும்போது என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலம், இடம். இந்தத் தாளத்தையே நம்பிப் பரீட்சைக்குப் போனால் அவர் தோற்பார், வீடு வந்து சேர்வார். அதைத்தானே சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? ஆனால் அங்கே அதிர்ஷ்டத்தில் தேறிவிட்டால்? பட்டாளத்துக்கு ஆள் வேண்டிய நேரம். நாலு பேரோடு சேர்த்து இவரையும் எடுத்துக்கொண்டால்? மேலே காற்று மோர் கடையாதே. அத்தை வெட்டியது போலத்தானே வெட்டும். நினைத்த மாத்திரத்தில் கயிற்றை விட்டேன். பானையைப் பிடித்துக்கொண்டேன். தோற்றுத் திரும்பட்டும் என்று வேண்டியது அதோடு போயிற்று.

உலக்கையை அத்தை கழற்றி எடுத்துப் போயிருந்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. உச்சி வேளைக்கு அத்தையே அதைக் கொண்டுவந்து பருத்தி அறை வாசலில் சாத்தி வைத்தார். "எனக்குக் குத்தி முடிஞ்சுருச்சு" என்றார். "கயித்த மட்டும் என்னைய இழுக்கச் சொல்லாதீக. என்னால ஆகாது."

அதனால் நான்தான் இழுத்தேன். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே இழுக்கப் பழகினேன். பிடித்துவிட்டோம் என்று அவர் நினைத்தால் பிடரி கொஞ்சம் தளரும். அந்த நேரம் பார்த்து வெட்டுவேன். ஒரே பக்கம் அடுத்தடுத்து இழுப்பேன். சும்மா இருப்பேன், அவர் எதிர்பார்த்துக் களைத்த பிறகு இழுப்பேன். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் சுவரை விட்டுப் போகும்போது எனக்குக் கண்ணீர் வரும். துடைக்கக் கை இருக்காது.

"அடி பாவி, புருசன்னு ஒரு ஈவு இரக்கம் வேணாம்?" என்பார் வேர்வையோடு.

"சுடுறவன் உங்கள மச்சான்னா கூப்பிடப் போறான்? பிடிங்க."

கடைசியில் பிடித்தார். ஒட்ட வைத்தது போல் இல்லை; துள்ளும், தவிக்கும், ஆனால் திரும்பி வந்துவிடும்.

கரி பஸ்ஸில் ஏறிப் பரீட்சைக்குப் போனார். திரும்பி வந்த அன்று அத்தையும் நானும் ரோட்டிலேயே நின்றிருந்தோம். அவர் இறங்கியதும் அத்தை, தேறினாயா என்று கேட்கவில்லை. "விழுந்தியாடா?" என்றார்.

"இல்ல ஆத்தா."

"சரி. குளிச்சிட்டு வா." அவ்வளவுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போன பிறகு வெகு நாள் என் கைக்கு மோர் கடைய வரவில்லை. தாளம் தப்பித் தப்பிப் போகும். வெண்ணெய் திரளாது. அத்தை திட்டவில்லை, மத்தை வாங்கித் தானே கடைந்தார்.

ஒரு முறை அவர் லீவில் வந்திருந்தார். விடிகாலையில் நான் பானைக்கு முன்னால் நின்றேன். கட்டிலில் அவர் விழித்துப் படுத்திருந்தார், போர்வைக்கு வெளியே கால் தெரிந்தது. வேண்டுமென்றே ஒழுங்காகக் கடைந்தேன். வலம், இடம், வலம், இடம். பெருவிரல்கூட அசையவில்லை. சட்டென்று ஒரு வெட்டு வெட்டினேன், பானையே ஆடியது. அவர் வலக்கால் உடனே நீண்டு எதையோ தள்ளி நிறுத்தியது. பிறகு அவரே சிரித்தார். 

எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பயம் தெளிந்தது. முழுக்க இல்லை. அன்றைக்கே அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

பருத்தி வந்து அறை நிறைந்தபோதும் கண்ணாடியை நான் இறக்க விடவில்லை. ஆள்கள் அதற்குக் கீழேயே குவித்தார்கள். கட்டியவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். யுத்தம் முடிந்து வந்து அவர்தான் அவிழ்த்தார். பித்தளைச் சட்டத்தில் கயிறு அறுத்த தடம் இரண்டு ஓரத்திலும் இருக்கிறது. புளி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. நான் அதைத் தேய்ப்பதும் இல்லை.