தையல்காரி அக்கா பேசறேன்

ஏட்டம்மாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பழைய காவல் நிலைய வாசலில் நின்று அவள் தும்மினால், மூன்றாவது தெருவில் பெண்டாட்டியை அடிக்க ஓங்கிய கை தலையைச் சொறியப் போய்விடும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் ஒரு வீட்டில் சத்தம் என்று காதில் விழுந்தால் நடந்தே போய்விடுவாள். நாற்காலியை இழுத்துப் போட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தால், புருஷன்காரன் அசடு வழியும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

பிறகு சீரமைப்பு வந்தது. ஐந்து சின்ன நிலையங்களை மூடி ஒரே பெரிய கட்டடத்தில் சேர்த்தார்கள். ஏட்டம்மாவின் மூட்டுவலியைச் சாக்காகச் சொல்லி, மூன்றாவது மாடியில் ஒரு மேசையும் ஒரு ஹெட்ஃபோனும் கொடுத்தார்கள். உதவி கேட்டு அழைப்பு வந்தால் அதே எண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, கூப்பிட்டவர் வாயாலேயே ‘ஆமாம்’ வாங்க வேண்டும். அப்புறம்தான் வண்டி புறப்படும். பொய் அழைப்பைத் தடுக்கிறார்களாம்! ஒரே ஃபோன் இருக்கிற வீட்டில் அதை யார் எடுப்பான்? அடித்தவன்தான் எடுப்பான். “குழந்தை விளையாடிடுச்சுங்க” என்பான். ‘புகார்தாரர் விலகிக்கொண்டார்’ என்ற பொத்தானை அமுக்கினால் சோலி முடிந்தது. குடும்ப வன்முறை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது என்று மேலிடத்தில் ஒரே பெருமை. குறைந்ததாவது மண்ணாவது!

முதல் வாரம் ஏட்டம்மாவும் இரண்டு முறை அந்தப் பொத்தானை அமுக்கினாள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் அவள் தங்கை அப்போது யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். “தையல்காரி அக்கா பேசறேங்க. அளவு ஒரு விரல்கடை இடிக்குது, வீட்டம்மாகிட்டதான் கேக்கணும்.” மறுமுனையில் ஓர் ஆண்குரல் முணுமுணுத்துக்கொண்டே ஃபோனைக் கைமாற்றியது. ஏட்டம்மா சிரித்த சிரிப்பில் தங்கை கையில் ஊசியைக் குத்திக்கொண்டாள்.

அடுத்த இரண்டு மாதங்களில் மற்ற மேசைகளில் பத்துக்கு ஒன்பது புகார்தாரர்கள் விலகினார்கள். ஏட்டம்மாவின் மேசையில் ஒருவர்கூட விலகவில்லை. இது சும்மா இருக்குமா? ஒரு நாள் மதியம், சீரமைப்போடு பதவிக்கு வந்த புது அதிகாரியே வந்துவிட்டார். சின்ன வயது, விறைப்பான சட்டை.

“என்ன ஏட்டம்மா, நீங்களே ‘ஆமாம்’ போட்டுக்கறீங்களா? பக்கத்துல உக்காந்து கேக்கப்போறேன்” என்று இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

ஓய்வுபெற எட்டு மாதம்தான் பாக்கி. பொய் சொல்லி மாட்டினால் வேலையோடு ஓய்வூதியமும் போய்விடும். அந்த நேரம் பார்த்தா அழைப்பு வரவேண்டும்? “அடிக்கறாருங்க, கதவை...” என்று ஒரு பெண்ணின் குரல். இணைப்பு அறுந்தது.

போனால் போகட்டும், தங்கைக்குப் பொத்தான் தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஏட்டம்மா எண்ணைத் தட்டினாள்.

“யாரு?” என்றது ஆண்குரல்.

“தையல்காரி அக்காங்க. வீட்டம்மா இருக்காங்களா?”

“அவ எங்க தைக்கக் குடுத்தா?”

“அது எனக்கென்னங்க தெரியும்? துணி என் கையில இருக்கு. கேக்காம வெட்டினா வீணாப்போயிடும். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, ஆமா!”

அதிகாரி வாயைப் பிளந்தார். ஃபோன் கைமாறும் சத்தம் கேட்டது.

“அம்மா, போலீஸ்தான். பயப்படாதே. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அடிச்சாரா?”

“ஆமாங்க.”

“வண்டி வரட்டுமா?”

அதிகாரி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“ஆமாங்கக்கா,” என்றாள் அந்தப் பெண். “இன்னிக்கே வேணும்.”

கால் மணி நேரத்தில் தகவல் வந்தது. அவளும் குழந்தையும் வண்டியில் ஏறிவிட்டார்கள். பெரிய காயம் இல்லை. ஏட்டம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொள்ளச் சீருடையில் முந்தானை இல்லையே என்று புறங்கையால் துடைத்தாள்.

அதிகாரி ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. “திரும்பக் கூப்பிடணும்னு உத்தரவு எழுதினது நான்தான் ஏட்டம்மா. ஃபோனை யார் எடுப்பாங்கன்னு யோசிக்கவே இல்ல” என்றார். “விலகிட்டாங்கன்னு முடிச்ச பட்டியல் முழுசும் எடுங்க. எல்லாரையும் இன்னிக்கே கூப்பிடுவோம். குடுங்க, நானும் தையல்காரன்னு சொல்லி...”

“ஐயோ சார்! ஆம்பளக் குரல்ல நீங்க கூப்பிட்டா அதுக்கும் சேத்து அவளுக்கு அடி விழும். கூப்பிடறத பொம்பளைங்க நாங்க பாத்துக்கறோம்.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“நீங்க வண்டி அனுப்புங்க சார்.”

அன்று பொழுது சாய்வதற்குள், இருந்த நான்கு வண்டிகளும் பதினோரு வீடுகளுக்குப் போய் வந்தன.